பாவம் சொன்னால் பாத்திரம்

அந்த ஊரில் ஒரு தடவையாவது பேருந்து ஏறியவர்களுக்கு அக்காவின் குரல் தெரியும். முகம்தான் தெரியாது. காய்கறிக் கடையில் நின்று "அரைக் கிலோ தக்காளி குடுங்க" என்று அவள் கேட்டால் போதும், பக்கத்தில் நிற்பவர் தன்னையறியாமல் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொள்வார். மாட்டிய பிறகுதான் எதற்கு மாட்டினோம் என்று திருதிருவென்று முழிப்பார். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக அத்தனை வருடம் உட்கார்ந்ததில் அவளுக்குக் கிடைத்த புகழ் இதுதான். அக்காவுக்கு அதில் கொள்ளைப் பெருமை. கடைகளில் வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாகப் பேசுவாள்.

நிலையத்தில் மேலாளர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட மூத்த ஓட்டுநர்கள்கூட வெட்கமில்லாமல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் கூடப் பிறந்த உரிமையோடு அப்படிக் கூப்பிட இரண்டே பேர். ஒருத்தி தங்கை. வாய் திறந்தால் நிறுத்தத் தெரியாது என்பதால் சின்ன வயதிலேயே அவளுக்கு ரேடியோ என்று பெயர் விழுந்துவிட்டது. இன்னொருவன் கடைசித் தம்பி பொடியன். இன்று அவனுக்கு முன்னந்தலை வழுக்கை, சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டும் தொப்பை, சொந்தமாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை எல்லாம் உண்டு. இருந்தும் பொடியன் பொடியன்தான். அதை மாற்ற இனி யாராலும் ஆகாது.

ஒரு நாள் அந்தக் கடைக்கு நிலைய மேலாளர் வந்தார். கண்ணாடி மாற்ற வந்திருக்கிறார் என்று நினைத்து, "மேல் வரியப் படிங்க சார்" என்று எழுத்துப் பலகையைக் காட்டினான் பொடியன்.

"நான் படிக்க வரல தம்பி. நீங்க பேசணும். அக்கா இந்த மாசத்தோட ஓய்வு பெறுறாங்க, தெரியும்ல? நிலையத்துல ஒரு சின்ன விழா வச்சிருக்கோம். வீட்டு சார்பா நீங்க நாலு வார்த்தை சொல்லணும்."

"எங்க சின்னக்காவப் பேசச் சொல்லுங்க சார். அவதான் நல்லாப் பேசுவா."

மேலாளர் கைகூப்பினார். "அவங்க பேச ஆரம்பிச்சா சாயங்காலப் பஸ் எதுவும் கிளம்பாது."

பொடியனுக்கு மைக்கைப் பார்த்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் மறுக்க மனம் வரவில்லை. வளர்த்து, படிக்கவைத்து, கடை வைத்துக்கொடுத்தவளுக்கு அவன் இதுவரை ஒரு தடவைகூட வாய்விட்டு நன்றி சொன்னதில்லை. சொல்ல வாயெடுத்த போதெல்லாம் அவள் ஏதாவது கேலி செய்து அந்தப் பேச்சையே கலைத்துவிடுவாள். விழா மேடையில் அவளால் எழுந்து ஓட முடியாது. இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் வாய்க்காது என்று அவனுக்குத் தோன்றியது. தலையை ஆட்டிவிட்டான்.

அன்றிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அக்காவுக்குப் பத்தொன்பது வயதாகும்போது அப்பா போனார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் அம்மாவும் காய்ச்சலில் கண்ணை மூடிவிட்டாள். ரேடியோவுக்குப் பத்து வயது, பொடியனுக்கு ஐந்து. சொந்தக்காரர்கள் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பிள்ளைகளைப் பங்கு போட்டார்கள். எல்லோருக்கும் நல்ல மனசுதான், அதில் குறை சொல்ல முடியாது. "சின்னவள நான் கூட்டிட்டுப் போறேன். பொடியன் சித்தப்பா வீட்டுல இருக்கட்டும். நீயும் பாவம், எத்தனைய சுமப்ப?" என்றாள் பெரியம்மா.

கதவோரம் நின்ற அக்கா, "நாங்க மூணு பேரும் ஒரே செட்டு பெரியம்மா. உடைச்சு விக்கிறதில்ல" என்றாள்.

அப்பா நடத்துநராக இருந்த நிலையத்திலேயே அவளுக்கு வேலை கொடுத்தார்கள். குரல் கணீரென்று இருக்கிறது என்று மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். பெரியம்மா மட்டும் துணைக்கு இரண்டு வாரம் தங்கினாள். தங்கியவள் மூச்சுக்கு ஒரு 'பாவம்' போட்டாள். பொடியன் சாப்பாடு கேட்டால், "பாவம், பிள்ளைக்குப் பசிக்குது." வேண்டாம் என்றால், "பாவம், பிள்ளைக்குத் தொண்டைல இறங்கல." ரேடியோ சிரித்தால்கூட, "பாவம், அதுக்கு என்ன தெரியும்." தெருவிலும் அதே பாட்டுத்தான். பொடியன் கெட்டிக்காரன். அந்த வார்த்தைக்குச் சந்தையில் நல்ல மதிப்பு இருப்பதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டான். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு வாசலில் போய் நிற்பான். "பாவம்" என்ற வார்த்தை முன்னால் வரும், பிஸ்கட் பின்னால் வரும். அப்படியே அடுத்த வாசல்.

வேலை முடிந்து வந்த அக்கா ஒரு நாள் தெருமுனையில் இதைப் பார்த்துவிட்டாள். தம்பியின் இரண்டு கன்னமும் பிஸ்கட்டால் உப்பியிருந்தன. முகம் மட்டும் இழவு வீட்டு முகம். சிரிப்பதா அடிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை. காதைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தாள். கூடத்தின் நடுவில் நின்று, புதிதாகக் கற்றிருந்த நிலையத்துக் குரலில் அறிவித்தாள்.

"அனைவரின் கவனத்திற்கு. இந்த வீட்டில் இனி யாரும் பாவம் கிடையாது. அந்த வார்த்தையை யார் சொன்னாலும் அன்றைய பாத்திரம் முழுவதையும் அவரே கழுவ வேண்டும்."

"ஐயோ பாவம், இந்தப் பொண்ணுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றாள் பெரியம்மா.

"பாத்திரம்!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். பெரியம்மாவும் கோபித்துக்கொள்ளாமல் முணுமுணுத்தபடி கழுவினாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு எப்போது வந்தாலும், "பா..." என்று ஆரம்பித்துக் கண்ணை உருட்டி, "பா...பார்த்து எவ்ளோ நாளாச்சு!" என்று முடித்துவிடுவாள்.

சட்டம் என்று வந்துவிட்டால் வழக்குகளும் வரத்தானே செய்யும். பாவ புண்ணியத்தில் வரும் பாவம் சேருமா என்று ஒரு வழக்கு. அதற்கு விலக்கு உண்டு என்று அக்கா தீர்ப்பளித்தாள். பாவாடை என்று சொல்ல வந்த ரேடியோ பாதியில் தும்மிவிட்டதால் வந்த வழக்கு ஒரு வாரம் நடந்தது. தம்பியும் தங்கையும் ஒருவரையொருவர் கவிழ்க்கப் போட்ட திட்டங்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் இரண்டு பேரும் ஒன்றுசேர்ந்து போட்ட திட்டமெல்லாம் அக்காவுக்குத்தான். நொண்டும் பூனையைத் தூக்கி வந்து அவள் மடியில் விட்டார்கள். "ஐயோ..." என்று அவள் இழுப்பாள். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிவார்கள். "ஐயோ... இந்த நடைக்கே இதுக்குப் பரிசு குடுக்கலாம்!" என்று முடிப்பாள். ரேடியோ சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தபோதும் மருந்து போட்டபடி, "தரைக்கு ரொம்ப வலிச்சிருக்கும்" என்றாள். அத்தனை வருடத்தில் அந்த வார்த்தை அவள் வாயில் வரவே இல்லை.

பள்ளி விட்டதும் பொடியன் நிலையத்துக்கு வந்துவிடுவான். அறிவிப்பு அறை என்பது பெரிய பெயர்தான்; முன்பக்கம் கண்ணாடி வைத்த ஒரு பெட்டி, அவ்வளவே. மேஜை, மைக், அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும் ஒரு பொத்தான், மூலையில் உயரமான ஒரு முக்காலி. மேஜைக்கு அடியில் அக்காவின் காலை ஒட்டித் துண்டை விரித்துப் பொடியன் தூங்குவான். தூக்கத்திலேயே பேருந்து எண்களை உளறுவான்.

ஒரு சாயங்காலம் அவன் விழித்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, நடைமேடையில் பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். அம்மாவிடமும் அப்படி ஒரு பச்சைப் புடவை இருந்தது. அக்கா பன்னிரண்டாம் எண் பேருந்தை அறிவித்து முடிப்பதற்குள் அவன் கதவைத் தாண்டிவிட்டான். கூட்டத்தில் புகுந்து, புடவையைத் தவறவிட்டு, எந்தப் பக்கம் வந்தோம் என்று தெரியாமல் அழுதுகொண்டு நின்றவனை ஒரு நடத்துநர் தூக்கிக்கொண்டார். வேலைக்குப் புதியவர். காணாமல் போன குழந்தைகளை எங்கே ஒப்படைப்பது வழக்கமோ அங்கே, அதாவது அக்காவிடமே, கொண்டுவந்து நிறுத்தினார்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் அவனை முக்காலியில் தூக்கி உட்கார வைத்து, எல்லாக் குழந்தைகளிடமும் கேட்பதுபோல், "என்ன சார், தொலைஞ்சு போயிட்டீங்களா?" என்றாள்.

"நான் தொலையல" என்றான் பொடியன். "அம்மாவத்தான் காணோம்."

"ஐயோ பாவம்" என்றார் நடத்துநர். அவரைப் பாத்திரம் கழுவ வைக்க வழியில்லாததால், நன்றி சொல்லிக் கதவுக்கு வெளியே அனுப்பிவைத்தாள்.

"எல்லாருக்கும் மைக்ல சொல்றல்ல? எனக்கும் சொல்லு" என்றான் பொடியன்.

அக்கா கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. "பயணிகள் கவனத்திற்கு. நீல நிற அரைக்கால் சட்டை அணிந்த ஒரு பெரிய மனிதர் அறிவிப்பு அறையில் காத்திருக்கிறார். அவருடைய அம்மாவைக் காணவில்லை. பச்சைப் புடவை. எங்கிருந்தாலும் அறிவிப்பு அறைக்கு வரவும்."

குரலில் ஒரு பிசிறுகூட இல்லை.

பச்சைப் புடவை கட்டியிருந்த பெண்கள் பலர் பதறியடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். கரும்பச்சை, கிளிப்பச்சை, பாசிப்பச்சை என்று கதவில் ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்த்தது. ஒவ்வொருத்தியையும் பொடியன் மேலும் கீழும் பார்த்து இல்லையென்று தலையசைத்தான். தங்கள் பிள்ளை இல்லை என்ற நிம்மதியோடு அவர்கள் போனார்கள். கடைசிப் பச்சையும் போன பிறகு அவன் அக்கா பக்கம் திரும்பி, "பசிக்குது" என்றான். அவள் டப்பாவைத் திறந்து ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாள். இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.

அன்று முதல் அந்த நிலையத்தில் எந்தக் குழந்தையும் காணாமல் போனதில்லை. அம்மாக்களும் அப்பாக்களும்தான் காணாமல் போனார்கள். "சிவப்புப் பாவாடை அணிந்த இந்த மகாராணியின் அப்பாவைக் காணவில்லை" என்றுதான் அக்கா அறிவிப்பாள். அழுதுகொண்டிருக்கும் குழந்தை, தொலைந்தது தான் இல்லை என்று தெரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்துவிடும். "விதிமுறைல அப்படி இல்லையேம்மா" என்று அன்றைய மேலாளர் இழுத்தார். "குழந்தை இதோ என் எதிர்லதான சார் இருக்கு. இல்லாதவங்கதான தொலைஞ்சவங்க?" என்று கேட்டாள் அக்கா. அவர் யோசித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். தேடி வந்தவர்கள் பிள்ளையை வாரி எடுத்ததும், "அம்மா கிடைத்துவிட்டார், நன்றி" என்று மறுபடி ஓர் அறிவிப்பு கட்டாயம் வரும். ஆரம்பித்த அறிவிப்பை முடிக்காமல் விடுவது அவள் அகராதியில் இல்லை. பொடியனுடையது மட்டும்தான் முடியாமல் நின்றது. அதைப் பற்றி அவர்கள் இருவரும் பிறகு பேசியதே இல்லை.

அக்காவுக்கென்று ஒரு வாழ்க்கை இல்லாமல் போய்விட்டது என்று யாராவது நினைத்தால், அது எட்டு மாமாவைத் தெரியாதவர்கள் நினைப்பு. எட்டாம் எண் பேருந்தின் ஓட்டுநர் அவர். அக்காவின் குரலில் தன் பேருந்து எண்ணை இரண்டு தடவை கேட்கவேண்டும் என்பதற்காகவே தினமும் தாமதமாக வந்தவர். "எட்டாம் எண் பேருந்து தாமதமாக வந்துகொண்டிருக்கிறது" என்று ஒன்று, "வந்துவிட்டது" என்று இன்னொன்று. பயணிகள் வாயில் விழுந்து எழுந்ததுதான் மிச்சம். தங்கைக்குக் கல்யாணம் முடித்து, தம்பி கடை திறந்த பிறகுதான் அக்கா அவருக்குத் தலையாட்டினாள். அதுவும் ரேடியோவும் பொடியனும் அவரைக் கூடத்தில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, ஒரு நொண்டிப் பூனையைக் காட்டிச் சோதித்த பிறகு. பூனையைப் பார்த்ததும் "ஐயோ பாவம்" என்று தாராளமாகச் சொல்லி, பாத்திரம் கழுவிவிட்டுத்தான் அன்று வீட்டுக்குப் போனார்.

இப்படிப்பட்டவளைப் பற்றி மேடையில் என்ன பேசுவது?

பொடியன் ஊரில் எல்லோரும் செய்வதைச் செய்தான். நாலு விழாவில் கேட்ட வாசகங்களைக் கோத்து ஒரு பேச்சு தயாரித்தான். ரேடியோவுக்கு அதைப் படித்துக் காட்டினான். அவள் மூக்கைச் சிந்தி, "கல்லும் கரைஞ்சிடும்டா" என்றாள். அது போதாதா? விழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அவன் வீட்டில் சாப்பிடக் கூடியிருந்தார்கள். சாப்பிட்டதும் பொடியன் குளியலறைக்குள் புகுந்து, குழாயைத் திறந்துவிட்டு, ஷாம்பு பாட்டிலை மைக்காகப் பிடித்து ஒத்திகை பார்த்தான்.

"எங்களுக்காகத் தன்னையே உருக்கிக்கொண்ட மெழுகுவர்த்தி! பாவம், என் அக்கா..."

கதவு தட்டப்பட்டது. "பாத்திரம்" என்றது நிலையத்துக் குரல்.

வீடு நிறைய ஆட்கள் சாப்பிட்ட பாத்திரம். அவன் தேய்த்துக்கொண்டிருக்க, அக்கா சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் கோபமாக இருக்கிறாள் என்று காலைப் பார்த்தே தெரிந்தது.

"யாருடா மெழுகுவத்தி?"

"அது ஒரு பேச்சுக்கு..."

"நான் என்னைக்குடா உருகினேன்? வருஷா வருஷம் எடை ஏறிட்டுத்தான இருக்கேன். எட்டு மாமாவக் கேளு."

"அக்கா, நீ எங்களுக்காக எவ்ளோ கஷ்டப்பட்ட..."

"நீ நன்றி சொல்றதுக்கு நான் கஷ்டப்பட்டே ஆகணுமா?" அவள் கால் நின்றது. "கஷ்டம் இல்லன்னு சொல்லல. இருந்துச்சு. யாருக்குத்தான் இல்ல? ஆனா வீட்டுக்குள்ள கால வச்சா நீங்க ரெண்டு பேரும் அடிக்கிற கூத்துல சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறு வலிக்கும்டா. அது எனக்குக் கிடைச்ச வாழ்க்கை. நான் ஒண்ணையும் விட்டுக்குடுக்கல. நீ மேடை ஏறி அதை இழவு வீடா ஆக்கிடாத."

பொடியன் ஒரே கிண்ணத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்தான்.

"தியாகம், மெழுகுவத்தி, பாவம்னு ஏதாவது காதுல விழுந்தது, எழுந்து போயிட்டே இருப்பேன். அப்புறம் காலி நாற்காலிக்கு நன்றி சொல்லிட்டு வா."

சொன்னால் செய்வாள். அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பொடியன் பேச்சைத் தலைமுழுகினான். அதற்குப் பதிலாகச் சொல்ல அவனிடம் வேறு ஒன்றும் இல்லை. நன்றி தொண்டை வரை இருந்தது, அதை ஏற்றிவிட ஒரு வண்டி கிடைக்கவில்லை. அழாமல், பரிதாபப்படாமல் எப்படித்தான் நன்றி சொல்வது? கடைக்கு வந்தவர்களுக்கு மாற்றி மாற்றிக் கண்ணாடி கொடுத்தான். ஒரு தாத்தா சிவப்புச் சட்டம் போட்ட பெண்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சந்தோஷமாகவே போய்விட்டார்.

விழாவுக்கு முந்தின நாள், கடைக்கு எதிரே பேருந்துக்காகக் காத்திருந்த கூட்டத்தில் ஒரு பச்சைப் புடவையைப் பார்த்தான். பார்த்தவன் கையிலிருந்த கண்ணாடியை அப்படியே வைத்தான். கடையைப் பூட்டிவிட்டு நேராகப் புடவைக் கடைக்குப் போனான்.

"இதை நாளைக்குக் கட்டிக்கோ" என்று அன்று சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தான். பிரித்துப் பார்த்த அக்கா வழக்கம்போல் கேலி செய்யவில்லை. விரலால் பச்சை நிறத்தைத் தடவினாள். "சரி" என்று மட்டும் சொன்னாள்.

நடைமேடையிலேயே நாற்காலி போட்டு விழா. பேருந்துகள் வருவதும் போவதுமாக இருந்ததால் மாலையும் கைதட்டலும் ஹாரனுக்கு நடுவில் நடந்தன. மேலாளர் முதலில் பேசினார். "தன்னலமற்ற தியாகச் சுடர்..." என்று ஆரம்பித்தார். அக்கா நாற்காலியில் பாதி எழுந்துவிட்டாள். எட்டு மாமா முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். இன்னொரு சுடர் வந்தால் அவள் போய்விடுவாள். நல்லவேளையாகப் பன்னிரண்டாம் எண் பேருந்து உறுமிக்கொண்டு வந்து நின்றது. மேலாளர் சுடரை அணைத்துவிட்டு, "அடுத்ததாக அவருடைய தம்பி" என்றார்.

பொடியன் மேடைப் பக்கமே போகவில்லை. கூட்டத்தைத் தாண்டி அறிவிப்பு அறைக்குள் நுழைந்தான். அதே முக்காலி மூலையில் கிடந்தது. உட்கார்ந்ததும் அது முனகியது. கண்ணாடி வழியாக அக்கா தெரிந்தாள். நெற்றியைச் சுருக்கி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொத்தானை அழுத்தினான். சிவப்பு விளக்கு எரிந்தது. நாக்கு எங்கும் ஒட்டிக்கொள்ளவில்லை.

"பயணிகள் கவனத்திற்கு" என்றான். ஒலிபெருக்கியில் தன் குரலைக் கேட்டு அவனே ஒரு நொடி பயந்தான். "பல வருடங்களுக்கு முன் இதே அறையிலிருந்து வந்த ஓர் அறிவிப்பின் தொடர்ச்சி. நீல நிற அரைக்கால் சட்டை அணிந்த ஒருவர் தன் அம்மாவைக் காணவில்லை என்று இங்கே காத்திருந்தார். அவர் இப்போது முழுக்கால் சட்டை அணிந்திருக்கிறார். தொப்பையும் இருக்கிறது."

கூட்டம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"அவருடைய அம்மா கிடைத்துவிட்டார். பச்சைப் புடவை. முதல் வரிசையில் எட்டாம் எண் ஓட்டுநருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். எனவே இனி யாரும் தேடவேண்டாம். பச்சைப் புடவை கட்டிக்கொண்டு அன்று ஓடி வந்த எல்லா அம்மாக்களுக்கும் நன்றி. கிடைத்த அம்மாவுக்கும்..."

அந்த இடத்தில்தான் 'நன்றி' என்று சொல்லவேண்டும். வரவில்லை. உதடு கோணியது. நாற்பது தாண்டிய மனிதன், கடை முதலாளி, பொத்தானில் வைத்த விரலை எடுக்க மறந்து, மூக்கை உறிஞ்சினான். அந்த உறிஞ்சல் எல்லா நடைமேடைகளிலும் கேட்டது.

கதவு படாரென்று திறந்தது. அக்கா எப்படி எழுந்தாள், எப்படி ஓடி வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. வந்தவள் அவன் தலையை இழுத்துப் பச்சைப் புடவையில் புதைத்துக்கொண்டாள். "பாவம்டா என் பொடியன்... அழாதடா" என்றாள்.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அத்தனை வருடம், நொண்டிப் பூனைக்கும் பெயர்ந்த முட்டிக்கும் அசையாத வாய் அது. முதல் நடைமேடையிலிருந்து கடைசி நடைமேடை வரை, கழிப்பறை வாசல் வரை, அந்த ஒரு வார்த்தை கணீரென்று ஒலித்தது. பிறகு முதல் வரிசையிலிருந்து ரேடியோ நாற்காலி கவிழ எழுந்தாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

"பாத்திரம்ம்ம்!"

எட்டு மாமா கையைத் தட்டி "பாத்திரம்!" என்றார். அர்த்தம் புரியாவிட்டாலும் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் "பாத்திரம், பாத்திரம்" என்று சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் உற்சாகத்தில் ஹாரன் அடித்தார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீரும் தொண்டையில் சிரிப்புமாகத் தம்பியின் விரலைப் பொத்தானிலிருந்து எடுக்கப் போனவள், எடுக்காமல் மைக் பக்கம் குனிந்தாள்.

"பயணிகள் கவனத்திற்கு. சற்றுமுன் ஒரு வார்த்தை தவறுதலாக ஒலிபரப்பாகிவிட்டது. வருந்துகிறோம். எட்டாம் எண் பேருந்து இன்று சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. நன்றி."

அதுதான் அவளுடைய கடைசி அறிவிப்பு.

வீட்டில் விருந்து. பழைய வழக்குகளையெல்லாம் தோண்டியெடுத்து, சட்டத்தில் ஓட்டை இருக்கிறதா என்று அக்கா வாதாடிப் பார்த்தாள். அது பாவ புண்ணியப் பாவம்தான் என்றாள். ரேடியோ ஒப்புக்கொள்ளவில்லை. ஊரே சாட்சி. கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றாமலே முந்தானையைச் செருகிக்கொண்டு அக்கா தொட்டிமுன் நின்றாள். பொடியன் பக்கத்தில் நின்று அலசிக் கொடுத்தான். எட்டு மாமா துடைத்து அடுக்கினார்.



"அக்கா, எத்தனை வருஷமாச்சு. அந்த அறிவிப்ப முடிக்காம விட்டது நீதான" என்றான் பொடியன்.

அவள் ஒரு தட்டைத் தேய்த்தபடி, "அம்மா அன்னைக்கே கிடைச்சாச்சுடா" என்றாள். "வந்த புடவை எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னு தலைய ஆட்டின. கடைசில என் பக்கம் திரும்பி 'பசிக்குது'ன்ன. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. என்ன, பத்தொன்பது வயசு. மைக்ல சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பொடியனின் மூக்கு மறுபடி உறிஞ்சத் தொடங்கியது. கூடத்தில் ரேடியோ காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள், சோப்பு நுரையை அள்ளி அவன் வழுக்கையில் வைத்தாள்.

"இன்னும் பசிக்குதாடா?" என்றாள்.